தெருக்கதவுக்குப் பின்னால் ஒரு தோட்டம்: நெதர்லாந்தின் ‘ஹோஃப்யே’ வீடுகள் ஏன் பெண்களுக்காகக் கட்டப்பட்டன?

நெதர்லாந்து போய் வந்தவர்களின் படங்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். நெருக்கமான தெருவில் சின்னதாக ஒரு கதவு. தள்ளிக்கொண்டு உள்ளே போனால் எதிர்பாராமல் ஒரு தோட்டம். அதைச் சுற்றி ஒரே அச்சில் வார்த்த மாதிரி குட்டி வீடுகள், நடுவில் பழைய தண்ணீர்ப் பம்பு. படத்தின் கீழே ஒருவர் ‘பழைய கன்னிமாடம்’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ‘முதியோர் இல்லம்’ என்று, மூன்றாமவர் ‘விதவைகள் காப்பகம்’ என்று. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மூன்றும் தவறு.

இந்த இடங்களுக்கு டச்சு மொழியில் ‘ஹோஃப்யே’ என்று பெயர். அறுநூறு ஆண்டுகளைத் தாண்டிய வரலாறு இவற்றுக்கு உண்டு. மன்னர் கட்டியவை அல்ல, பெரும்பாலும் நகராட்சி கட்டியவையும் அல்ல. பிள்ளையில்லாத வணிகர்கள், மதுவடிப்பவர்கள், வசதியான விதவைகள் தங்கள் உயிலில் எழுதிவைத்துப் போனவை. அந்த உயில்களில் சில இன்றுவரை வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதுதான் ஆச்சரியம். அதனால் கட்டடத்தை விட உயிலைப் பின்தொடர்ந்தால் விஷயம் சீக்கிரம் புரியும்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

‘ஹோஃப்’ என்றால் முற்றம், தோட்டம். ‘யே’ என்பது டச்சில் எதையும் சின்னதாக்கும் விகுதி. ஆக, ஹோஃப்யே என்றால் குட்டி முற்றம். பெயர் திறந்தவெளிக்கு வைக்கப்பட்டது, அதைச் சுற்றியுள்ள வீடுகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

அடிப்படை ஏற்பாடு எளிது. ஒரு முற்றம், சுற்றிலும் பத்திலிருந்து முப்பது சிறு வீடுகள், ஒவ்வொன்றிலும் வயதான ஒருவர், தன் அடுப்பு, தன் கதவு, தன் சாவியோடு. வாடகை கிடையாது, அல்லது பெயருக்கு ஏதோ ஒன்று. குளிருக்கு எரிக்கப் பீட் கரி (சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த எரிமண்), ரொட்டி, வெண்ணெய், கொஞ்சம் பணம் ஆகியவை ஆண்டில் சில தவணைகளாக வரும். எல்லா ஊரிலும் முற்றம் வைத்துக் கட்டினார்கள் என்றும் சொல்ல முடியாது. யூட்ரெக்ட் நகரில் இதே தர்ம வீடுகளைத் தெருவோரமாக ஒரே வரிசையில் கட்டினார்கள். அவற்றுக்கு ‘கடவுளின் அறைகள்’ என்று பெயர். அங்கே மரியா வான் பல்லாஸ் என்ற விதவை 1651இல் கட்டிய பன்னிரண்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன.

கன்னிமாடம் என்ற குழப்பம் எங்கிருந்து வந்தது?

ஆம்ஸ்டர்டாமில் எல்லாரும் பார்க்கும் ‘பெகைன்ஹோஃப்’ வளாகத்திலிருந்து. அதுவும் முற்றம் வைத்தது, அதுவும் பெண்களுடையது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

பெகைன்கள் என்பவர்கள் துறவிகளுக்கும் இல்லறத்தாருக்கும் நடுவில் வாழ்ந்த பெண்கள். ஜபம், நோயாளிப் பணிவிடை, கைவேலை என்று கூட்டாக வாழ்வார்கள். ஆனால் வாழ்நாள் முழுவதற்குமான துறவு விரதம் எடுப்பதில்லை. விரும்பினால் வெளியேறிக் கல்யாணம் செய்துகொள்ளலாம். முக்கியமாக, சொந்தமாகச் சொத்து வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி விஷயம்தான் அவர்களைக் காப்பாற்றியது. 1578இல் ஆம்ஸ்டர்டாம் கத்தோலிக்கரிடமிருந்து புராட்டஸ்டண்டுகளின் கைக்கு மாறியபோது மடங்களின் சொத்தெல்லாம் நகரத்தின் வசமானது. பெகைன்களின் வீடுகள் மட்டும் தனித்தனிப் பெண்களின் பெயரில் இருந்தன, அதனால் பறிக்க முடியவில்லை. அவர்களுடைய தேவாலயம் மட்டும் போயிற்று. 1607இலிருந்து அது ஆங்கிலேயப் புராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டிடம். கத்தோலிக்கரான பெகைன்கள் எதிரே இருந்த இரண்டு வீடுகளை உள்ளே ஒன்றாக்கி, வெளியே வீடு போலவே விட்டு, மறைவாக ஒரு கோயில் வைத்துக்கொண்டார்கள். ஆம்ஸ்டர்டாமின் கடைசி பெகைன் இறந்தது 1971இல்.

ஹோஃப்யேவில் இருந்த பெண் இப்படிப்பட்டவர் இல்லை. அவர் எந்தச் சமயக் குழுவிலும் சேரவில்லை, வீடும் அவருடையது இல்லை. யாரோ ஒருவர் ஏற்படுத்திய அறக்கட்டளையின் பயனாளி, அவ்வளவுதான்.

1395: ஒரு கணக்குப் புதிர்

நெதர்லாந்தில் இன்றும் இருக்கும் ஹோஃப்யேக்களில் மிகப் பழையது என்று சொல்லப்படுவது ஹார்லெம் நகரின் பாகெனெஸ் ஹோஃப்யே. டிர்க் வான் பாகெனெஸ் என்பவரின் கடைசி விருப்பப்படி 1395இல் ஏற்பட்டது. அதன் வாசலில் ஒரு செய்யுள் பொறித்திருக்கிறார்கள். இந்த வீடுகள் ‘எட்டும் இரண்டு முறை ஆறும்’ பெண்களுக்கானவை என்கிறது அது. எட்டும் பன்னிரண்டும் இருபது. ‘இருபது பெண்கள்’ என்று நேராகச் சொன்னால் எதுகைக்கு ஆகாதோ என்னவோ, வழிப்போக்கர்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரி, டிர்க் போன்ற ஒருவர் ஏன் இதைச் செய்தார்? இரக்கம் இருந்திருக்கும். ஆனால் அந்தக் காலத்துக் கத்தோலிக்க நம்பிக்கையில் இதற்கு ஒரு தெளிவான பலனும் இருந்தது. இறந்தவரின் ஆன்மா சொர்க்கம் போகும் முன் உத்தரிக்கும் இடத்தில் பாவம் கழிய வேண்டும். பூமியில் உள்ளவர்கள் அவருக்காகச் செபித்தால் அந்தக் காலம் குறையும். ஏழைகளின் செபத்துக்கு வலிமை அதிகம். தான் போன பிறகும் தலைமுறை தலைமுறையாகத் தன் பெயரைச் சொல்லிச் செபிக்க ஆட்கள் வேண்டும் என்றால், அவர்கள் நிரந்தரமாகக் குடியிருக்க ஓர் இடம் வேண்டும். வீட்டுக்கு வாடகை செபம்.

லெய்டன் நகரின் எருசலேம் ஹோஃப்யே இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. 1467இல் ஏற்பட்ட அது பதின்மூன்று முதிய ஆண்களுக்கானது: இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் என்ற கணக்கு. அதே ஊரில் 1492இல் தோன்றிய புனித அன்னா தர்ம வீட்டுக்குத் தனியாக ஒரு சிற்றாலயமே உண்டு. கத்தோலிக்கத்திலிருந்து புராட்டஸ்டண்டுகள் பிரிந்த சீர்திருத்தக் காலத்தில் ஊர் ஊராகச் சிலைகளை உடைத்தபோதும் அது தப்பியது.

உயில் எப்படி இயங்கியது?

வீடு கட்டிக் கொடுப்பது பாதி வேலைதான். கூரை ஓடு உடையும், பம்பு பழுதாகும், பீட் கரி ஆண்டுதோறும் வாங்க வேண்டும். இதற்கெல்லாம் செத்துப்போனவரிடமிருந்து பணம் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டை நான்கு பாகமாகப் பிரிக்கலாம்.

1. மூலதனம். விளைநிலம், வாடகைக்கு விட்ட வீடுகள், 17ஆம் நூற்றாண்டுக்கு அப்புறம் பெருமளவு அரசுக் கடன் பத்திரங்கள். இவற்றை விற்கக் கூடாது, வரும் வருமானத்தை மட்டுமே செலவழிக்கலாம்.

2. அறங்காவலர்கள். பெரும்பாலும் நிறுவியவரின் உறவினர்கள் அல்லது அவர் சார்ந்த சபையின் பெரியவர்கள். ஒருவர் இறந்தால் மீதியிருப்பவர்கள் சேர்ந்து அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு முடிப்பார்கள், அதோடு நல்ல விருந்தும் சாப்பிடுவார்கள். பல ஹோஃப்யேக்களில் மற்ற வீடுகளை விடப் பெரிதாக, நிறுவியவரின் ஓவியம் மாட்டிய ஒரு கூடம் இருக்கும். அது இவர்களுடையது.

3. பயனாளிக்கான நிபந்தனைகள். வயது, சமயம், ஊரில் எத்தனை ஆண்டு வாழ்ந்தவர், எப்படிப்பட்ட பெயர் எடுத்தவர் என்பதெல்லாம் எழுதியிருக்கும்.

4. திரும்பி வரும் பணம். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பல இடங்களில் உள்ளே வரும்போது ஒரு தொகை கட்ட வேண்டும். படுக்கை, பாத்திரம், நாற்காலி எல்லாம் கொண்டுவர வேண்டும். இறந்தால் அந்தச் சாமான்கள் ஹோஃப்யேவுக்குச் சேரும். அதாவது ஒன்றுமே இல்லாதவர் இங்கே நுழைவது கஷ்டம்.

நான்காவது அம்சத்தைக் கவனித்தால் ஹோஃப்யே யாருக்கானது என்பது விளங்கும். தெருவில் படுத்திருந்தவர்களுக்கு இல்லை. ஓரளவு கௌரவமாக வாழ்ந்து, முதுமையில் கைவறண்டு, பிச்சை எடுக்கக் கூசியவர்களுக்கு. கைவினைஞரின் விதவை, முப்பது நாற்பது ஆண்டு ஒரே வீட்டில் வேலை பார்த்துக் கல்யாணமே செய்துகொள்ளாத பணிப்பெண் போன்றவர்கள். அறங்காவலர்கள் தங்கள் வீட்டுப் பழைய வேலைக்காரிக்கு இடம் பிடித்துக் கொடுப்பதும் நடந்திருக்கிறது. தர்மம் என்றாலும் சிபாரிசு வேண்டியிருந்தது.

ஏன் பெண்கள்?

எருசலேம் ஹோஃப்யே போன்ற விதிவிலக்குகளை விட்டுவிட்டால் பெரும்பான்மை பெண்களுக்கானவை. காரணங்கள் மூன்று. மூன்றுக்கும் ஒரே எடை இல்லை.

1. விதவைகளின் எண்ணிக்கை. இது கடலோடிகளின் நாடு. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி மட்டும் இரண்டு நூற்றாண்டுகளில் பத்து லட்சத்துக்கு நெருக்கமானவர்களை ஆசியாவுக்குக் கப்பலேற்றியது. பாதிக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை. (அவர்களில் சிலரின் கல்லறைகளைப் பழவேற்காட்டில் இன்றும் பார்க்கலாம், மண்டையோடு செதுக்கிய வாசல் கொண்ட அந்தக் கல்லறைத் தோட்டம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.) கணவன் திரும்பாத வீடுகள் துறைமுக ஊர்களில் நிறைய.

2. கூலி. நூல் நூற்பது, துணி துவைப்பது, வீட்டு வேலை என்று பெண்களுக்குக் கிடைத்த வேலைகளில் முதுமைக்குச் சேர்த்துவைக்க எதுவும் மிஞ்சாது.

3. சமையல். சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் கட்டடத்தின் வடிவத்தையே தீர்மானித்தது இதுதான் என்பேன். வயதான பெண்ணுக்கு ஓர் அறையும் அடுப்பும் கொடுத்தால் போதும், தன்னைத் தானே பார்த்துக்கொள்வார். ஆணுக்கு அது முடியாது என்று அன்றைக்கு உறுதியாக நம்பினார்கள். ஆண்களுக்கு என்றால் பொதுச் சமையல், பரிமாற ஆள், துணி துவைக்க ஆள், மேற்பார்வையாளர் என்று பெரிய நிறுவனமே வேண்டும். உயிலில் குறைந்த தொகை வைத்திருப்பவருக்குப் பெண்கள் ஹோஃப்யேதான் கட்டுப்படியாகும்.

ஆண்களுக்கான ஏற்பாடு எப்படி இருந்தது என்பதற்கு ஹார்லெமிலேயே உதாரணம் இருக்கிறது. 1606இல் நகரம் பெரிய லாட்டரி ஒன்றை அறிவித்தது. அதில் திரண்ட பணத்தில் எழுந்தது முதிய ஆண்கள் இல்லம். 1609இல் அது திறக்கப்பட்டது. இங்கேயும் முற்றத்தைச் சுற்றி முப்பது சிறு வீடுகள்தான், ஆனால் வீட்டுக்கு இரண்டு பேர். அறுபது வயது ஆகியிருக்க வேண்டும். படுக்கை, மெத்தை போட்ட நாற்காலி, மூன்று போர்வை, ஆறு சட்டை, ஆறு இரவுத் தொப்பி, தகரத்தில் ஒரு மூத்திரச் சட்டி கொண்டுவர வேண்டும். கோடையில் இரவு எட்டு மணிக்கும் குளிர்காலத்தில் ஏழு மணிக்கும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். இந்தக் கட்டடம்தான் இப்போது, ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸின் பெயர் தாங்கிய அருங்காட்சியகம். அந்த இல்லத்தின் ஆண், பெண் நிர்வாகிகளை ஹால்ஸ் 1664 வாக்கில் வரைந்த இரண்டு குழு ஓவியங்கள் மிகப் புகழ்பெற்றவை. அப்போது அவருக்கு எண்பது வயது இருக்கும், நகரம் கொடுத்த உதவித்தொகையில் வாழ்ந்தார். அவரே அந்த இல்லத்தில் இருந்தார் என்று ஒரு கதை உலவுகிறது, உண்மையில்லை.

பெண்களுக்கும் பெரிய இல்லம் கட்டிப் பார்த்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் பாரென்ட் ஹெல்லெமன் என்ற வணிகர் 1680இல் இறந்து விட்டுச்சென்ற பணத்தில், புராட்டஸ்டண்ட் சபையின் ஏழைப் பராமரிப்புக் குழு அம்ஸ்டெல் ஆற்றங்கரையில் நூறு மீட்டருக்கு மேல் நீண்ட முகப்போடு ஒரு மாளிகை எழுப்பியது. 1683இல் முதிய பெண்கள் குடியேறினார்கள். சாப்பாடு பொதுக்கூடத்தில், தூக்கம் பகிர்ந்துகொண்ட அறையில். 2007 வரை அது முதியோர் பராமரிப்பு இல்லமாகவே இருந்தது. இன்று ஓர் அருங்காட்சியகம். வெளியிலிருந்து பார்க்க மாளிகை, உள்ளே விடுதி. ஹோஃப்யேவில் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே ஒவ்வொருவருக்கும் தனி வீடு. சொந்தக் கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறதே, எண்பது வயதில் அதன் மதிப்பு சாதாரணமானது இல்லை.

வாசல் ஏன் அவ்வளவு சின்னது? சில சமயம் ஏன் அவ்வளவு பெரியது?

டச்சு நகரங்களில் தெருவோர நிலம் விலை கூடியது. கால்வாயைப் பார்த்த கடைக்கும் வீட்டுக்கும்தான் மதிப்பு. அந்த வீடுகளின் பின்பக்கத்தில், நான்கு தெருக்களுக்கு நடுவே அடைபட்டுக் கிடந்த நிலம் மலிவு. நிறுவியவர் தெருவில் ஒரு நடை அகலத்துக்கு மட்டும் இடம் வாங்கி, சந்து போல உள்ளே நுழைந்து, பின்னால் உள்ள நிலத்தில் வீடுகளை எழுப்பினார். ஆம்ஸ்டர்டாமில் யோர்டான் பகுதியில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய புனித அந்திரேயா ஹோஃப்யே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீலவெள்ளை ஓடு பதித்த குறுகிய நடை வழியாகப் போனால்தான் தோட்டம்.

வீட்டின் உள்ளமைப்பும் சிக்கனமானது. கீழே ஓர் அறை, கணப்பு, சுவருக்குள் அலமாரி போலப் பதித்த படுக்கை, மேலே பரண். பல வீடுகளுக்குப் பின்பக்கச் சன்னலே கிடையாது, ஏனென்றால் பின்சுவர் அடுத்தவருடையது. வெளிச்சம் முற்றத்திலிருந்து மட்டும். தண்ணீரும் கழிப்பறையும் பொது. முற்றத்துப் புல்வெளி அழகுக்காக வளர்த்தது இல்லை. வெள்ளைத் துணியை வெயிலில் விரித்து வெளுக்க வைக்கும் இடம்.

இதற்கு நேர்மாறாகச் சில ஹோஃப்யேக்களின் வாசல் ஆர்ப்பாட்டமாக இருக்கும். சீர்திருத்தத்துக்கு அப்புறம் இறந்தவருக்காகச் செபிப்பதைப் புராட்டஸ்டண்டுகள் ஏற்கவில்லை. செபம் போயிற்று, பெயர் ஆசை போகவில்லை. குடும்பச் சின்னம், ஆண்டு, செய்யுள் எல்லாம் வாசலுக்கு மேல் ஏறின. 1695இல் ஆம்ஸ்டர்டாமில் ஆக்னெட்டா டாய்ட்ஸின் உயில்படி எழுந்த ஹோஃப்யேவின் செய்யுள், அவர் தன் அன்பையும் பக்தியையும் இங்கே காட்டுகிறார், இது ஏழைகளுக்கு ஆறுதல், பணக்காரர்களுக்கு முன்மாதிரி என்கிறது. பாதரச வணிகத்தில் பெயர்பெற்ற குடும்பத்தின் மகள் அவர். மற்ற பணக்காரர்களையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

லெய்டனின் மிகப் பெரிய ஹோஃப்யேவான மேர்மன்ஸ்பர்க் 1680களில் கட்டப்பட்டது. அதை நிறுவியவர்கள் மார்ட்டன் மேர்மனும் அவர் மனைவி ஹெலெனா வெர்பர்கும். மேர்மன் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். அந்தக் கம்பெனியின் லாபத்தில் சோழமண்டலக் கரையில் நெய்த துணிக்கும் பங்கு உண்டு. கப்பலேறிப் போனவர்களின் விதவைகளும் கப்பல் அனுப்பியவர்களின் தர்மமும் ஒரே முற்றத்தில் சந்தித்திருக்கக்கூடும் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

சிறுபான்மைச் சபைகள் ஏன் அதிகம் கட்டின?

பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கத்தோலிக்கர், வயது வந்தவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் மெனனைட்டுகள், லூத்தரன்கள், பிரெஞ்சு பேசும் வல்லோன் புராட்டஸ்டண்டுகள் என்று அரசு ஆதரவு பெற்ற பெரும்பான்மைச் சபைக்கு வெளியே இருந்தவர்கள் நிறையக் கட்டியிருக்கிறார்கள்.

பெரும்பான்மைச் சபை தன் ஏழைகளைப் பார்த்துக்கொண்டது. மற்றவர்கள் தங்கள் ஆட்களைத் தாங்களேதான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ரொட்டிக்காகச் சபை மாறிவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. அதோடு, கத்தோலிக்கரும் மெனனைட்டுகளும் நகரசபைப் பதவிக்கு வர முடியாது. பணம் இருந்தும் பதவி இல்லாதவர்களுக்கு ஊரில் பெயர் நிலைக்கத் தர்மம் ஒரு வழி.

ஹார்லெமின் பீட்டர் டெய்லர் இதற்கு உச்சம். பட்டு வணிகமும் வட்டித் தொழிலும் செய்த மெனனைட். 1778இல் வாரிசில்லாமல் இறந்தார். சொத்து முழுவதும் கலை, அறிவியல், ஏழைப் பராமரிப்பு ஆகியவற்றுக்கான அறக்கட்டளைக்குப் போனது. அந்தப் பணத்தில் வந்ததுதான் 1784இல் திறந்த டெய்லர்ஸ் அருங்காட்சியகம், நெதர்லாந்தின் மிகப் பழைய அருங்காட்சியகம். அதே பணத்தில், அதே கட்டடக் கலைஞர் லேன்டெர்ட் ஃபீர்ஃபான்ட், 1787இல் ஸ்பார்னே ஆற்றங்கரையில் முதிய பெண்களுக்காகத் தூண்கள் வைத்த முகப்போடு ஒரு ஹோஃப்யே கட்டினார். கோயில் வாசல் என்று நினைத்து உள்ளே நுழைந்தால் வரிசை வீடுகள்.

லெய்டனில் 1683இல் வந்த ஜான் பெசைன் ஹோஃப்யே வல்லோன் சபையினருக்கானது. அது நிற்கும் மனையில்தான் முன்பு ஜான் ராபின்சன் வாழ்ந்தார். 1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்காவில் குடியேறப் போன ஆங்கிலேயக் குழுவுக்குப் போதகர் அவர். அதனால் அங்கே வரும் அமெரிக்கர்கள் கல்வெட்டைத் தேடிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஹோஃப்யேவை எத்தனை பேர் கவனிக்கிறார்களோ தெரியாது.

பணம் தேய்ந்தது எப்படி?

உயில் எழுதியவர்கள் நெருப்பையும் போரையும் எண்ணிப் பார்த்திருப்பார்கள். ஹார்லெமில் மதுவடிப்பவர்கள் ஹோஃப்யே 1472இல் தோன்றி, 1576இல் ஊரை அழித்த பெரும் தீயில் எரிந்து, மறுபடி எழுந்தது. செங்கல்லுக்கு நேர்ந்த சேதத்தைச் சரிசெய்ய முடிந்தது. ஆனால் கடன் பத்திரத்தின் மதிப்பு கரைவதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

1810இல் நெப்போலியன் நெதர்லாந்தைப் பிரான்ஸோடு சேர்த்துக்கொண்டார். நாட்டின் கடனுக்குத் தர வேண்டிய வட்டியில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே இனித் தரப்படும் என்று அறிவித்தார். அரசுப் பத்திரம்தான் மிகப் பாதுகாப்பானது என்று நம்பித் தலைமுறைகளாக அதில் பணம் போட்டிருந்த அறக்கட்டளைகளுக்கு இது இடி. நிலம் வைத்திருந்த ஹோஃப்யேக்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன. பத்திரத்தை மட்டும் நம்பியவை ரொட்டியையும் கரியையும் குறைத்தன, ஓடு மாற்றுவதைத் தள்ளிப்போட்டன.

19ஆம் நூற்றாண்டில் வேறொரு நெருக்கடி. நகரங்கள் தெருவை அகலப்படுத்தின. ஹார்லெமின் லோ ஹோஃப்யே 1489இல் ஏற்பட்டது. 1885இல் தெருவுக்காக அதன் முன்பக்க வீடுகளை இடித்தார்கள். அதனால் ஹார்லெமில் நடந்துபோகும்போதே தெருவிலிருந்து முற்றம் தெரியும் ஹோஃப்யே அது. அழகாக இருக்கிறது என்பார்கள். ஒரு பக்கம் வெட்டுப்பட்ட அழகு.

இத்தனைக்கும் அவை தொடர்ந்தன. அரசு அந்த வேலையை எடுத்துக்கொள்ளாததே காரணம். 1854ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், உதவுவது முதலில் சபைகளின் கடமை, தனியார் தர்மத்தின் கடமை, அவை கைவிட்டால் மட்டுமே அரசு என்று எழுதிவைத்தது.

1957க்கு அப்புறம்

1947இல் வில்லெம் டிரேஸ் என்ற சமூக விவகார அமைச்சர் முதியோருக்குத் தற்காலிக உதவித்தொகைச் சட்டம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அவரே பிரதமரானார். உதவித்தொகை வாங்குவதையே ‘டிரேஸிடம் வாங்குகிறேன்’ என்று மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். 1957 ஜனவரி 1 முதல் 65 வயதான அனைவருக்கும் அரசு ஓய்வூதியம் நிரந்தரமானது. 1965இல் பொது உதவிச் சட்டமும் வந்து பழைய ஏழைகள் சட்டம் ஒழிந்தது. யாருடைய சிபாரிசும் வேண்டாம், எந்தச் சபையிலும் இருக்க வேண்டாம்.

ஹோஃப்யேக்களுக்கு இதன் விளைவுகள் எதிரெதிர்த் திசையில் வந்தன.

1. தர்மம் வாங்க ஆளில்லை. பீட் கரியும் வெண்ணெயும் நின்றன. வாடகை வசூலிக்க முடிந்தது, ஏனென்றால் குடியிருப்பவர் கையில் இப்போது பணம் இருந்தது.

2. வீடு பிடிக்கவில்லை. குளியலறை இல்லாத ஒற்றை அறைக்கு ஓய்வூதியம் வாங்கும் பெண் ஏன் வர வேண்டும்? பல ஹோஃப்யேக்களில் இரண்டு வீட்டை ஒன்றாக்கிச் சமையலறையும் குளியலறையும் வைத்தார்கள். வெளியே இரண்டு கதவு, உள்ளே ஒரு குடும்பம்; ஒரு கதவு சும்மா நிற்கும்.

3. இடிக்க முடியவில்லை. 1961இன் நினைவுச்சின்னச் சட்டத்துக்குப் பின் பல ஹோஃப்யேக்கள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாயின. பழுதுபார்க்க மானியம் கிடைத்தது, சன்னல் சட்டத்தை மாற்றக்கூட அனுமதி வேண்டியதாயிற்று.

4. குடியிருப்பவர்கள் மாறினார்கள். ஆம்ஸ்டர்டாமிலும் லெய்டனிலும் மாணவர்களும் தனியாக வாழும் இளையோரும் பல ஹோஃப்யேக்களில் வந்தார்கள். இன்னும் பெண்களை மட்டும் ஏற்கும் ஹோஃப்யேக்களும் இருக்கின்றன.

லெய்டனில் முப்பத்தைந்து, ஹார்லெமில் இருபதுக்கு மேல் ஹோஃப்யேக்கள் இன்றும் இருக்கின்றன. பலவற்றில் பகல் நேரத்தில் வெளியார் முற்றம் வரை வரலாம், மாலையில் கதவு சாத்தப்படும். ‘சத்தம் போடாதீர்கள், சன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்’ என்ற பலகை தொங்கும். அந்தப் பலகையைப் படம் எடுப்பவர்களும் உண்டு.

மறுபடி ஏன் பேசுகிறார்கள்?

நெதர்லாந்தில் 2010களில் பழைய பாணி முதியோர் இல்லங்கள் படிப்படியாக மூடப்பட்டன. தீவிரப் பராமரிப்பு வேண்டியவருக்கு மட்டுமே இல்லம், மற்றவர்கள் முடிந்தவரை தங்கள் வீட்டிலேயே வாழட்டும் என்பது கொள்கை. 2015ஆம் ஆண்டின் நீண்டகாலப் பராமரிப்புச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. சொந்த வீடு சரி, ஆனால் மாடிப்படி ஏற முடியாத எழுபத்தைந்து வயதுக்காரர் தனியாக எப்படி இருப்பது? தனி வீடும் வேண்டும், கூப்பிடு தூரத்தில் ஆளும் வேண்டும். நாட்டின் பழைய நகரங்களில் அந்த அமைப்பு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

ஹார்லெமில் 2007இலேயே யோஸ்ட் ஸ்வார்டே என்ற சித்திரக்கதைக் கலைஞரின் கைவண்ணத்தில் புதிய ஹோஃப்யே ஒன்று எழுந்துவிட்டது. 2018இல் ஸ்வோல் நகரில் ‘க்னாரன்ஹோஃப்’ என்ற பெயரில் முதல் வளாகம் வந்தது. ‘க்னார்’ என்றால் கிழவன், கிழவி என்று கிண்டலாகச் சொல்லும் சொல்.  முற்றத்தைச் சுற்றி வீடுகள் என்ற அமைப்பு அப்படியே இருக்கிறது. சபை, சிபாரிசு, பெண்கள் மட்டும் என்ற பழைய நிபந்தனைகள் போய்விட்டன. அவற்றின் இடத்தில் ஒன்று வந்திருக்கிறது: பக்கத்து வீட்டாருக்கு உதவ மனம் வேண்டும். வேறு ஊர்களிலும் இப்படி வீடு வேண்டும் என்று பெயர் பதிந்து காத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஆண்களும் உண்டு. சமையல் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.